முறைப்பாட்டை மூடுவது யார்?

வேலைப் பட்டியலைக் கொப்பியில் எழுதாமல் கணனியில் வைத்திருக்கும் வியாபாரிகள் இன்று பலர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கட். அதன் மேல் ஒரு நிலை: 'புதியது', 'செய்யப்படுகிறது', 'வாடிக்கையாளர் பதிலுக்காக', 'முடிந்தது'. இந்த நிலைகளைக் கையால் மாற்றாமல் மென்பொருளே மாற்றும்படி செய்யலாம். அதில் நான் கண்ட வசதியையும் பட்ட அடியையும் இந்த வாரம் வாசகர்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் தையல் இயந்திரக் கடையில் பாவிப்பது ஜிரா. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள அட்லாசியன் கம்பனி 2002இல் வெளியிட்டது. மென்பொருள் எழுதுவோர் தமது பிழைகளைக் குறித்து வைக்கவே முதலில் செய்தார்கள். (கொட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான கொஜிராவிலிருந்து வந்த பெயராம். எங்கள் மகனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.) ரிப்பெயார் வேலைக்கும் அது நன்றாகவே ஒத்துவருகிறது.

தானாக நிலை மாற ஒரு விதி எழுத வேண்டும். விதிக்கு மூன்று பாகம். எது நடந்தால் விதி எழும்ப வேண்டும் என்பது முதலாவது. எந்த டிக்கட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனை இரண்டாவது. என்ன செய்வது என்பது மூன்றாவது. உதாரணமாக, ஒரு இயந்திரத்தில் மோட்டார், பெல்ட், துப்பரவு என மூன்று உப வேலைகள் இருந்தால், மூன்றும் முடிந்ததும் தாய் டிக்கட் 'ஒப்படைக்கத் தயார்' என்று மாறும். வாடிக்கையாளர் பதில் எழுதினால் டிக்கட் 'செய்யப்படுகிறது' நிலைக்குத் திரும்பும். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போக நாம் வழி வைத்திருந்தால்தான் விதியும் போகும். வழி இல்லையென்றால் பிழை என்று பதிவேட்டில் விழும். அந்தப் பதிவேட்டை வாரம் ஒருமுறையாவது பாருங்கள்.

இனி நான் செய்த தவறு. பட்டியல் நீண்டுகொண்டே போனதால், 'வாடிக்கையாளர் பதிலுக்காக' என்ற நிலையில் மூன்று நாள் அசையாமல் கிடக்கும் டிக்கட்டுகள் 'முடிந்தது' ஆகட்டும் என்று ஒரு விதி போட்டேன். பட்டியல் சுருங்கியது. எனக்கு மெத்தச் சந்தோசம்.

ரமழான் பிறை இருபத்தி நான்கில், தையலால் குடும்பம் பார்க்கும் ஒரு சகோதரி அஸருக்குப் பிறகு கடைக்கு வந்தார். "நானா, என்ட மெசின் சரியா?" கணனியைப் பார்த்தேன்: முடிந்தது. இயந்திரமோ மூலையில், கழற்றிய மோட்டாரோடு தூசி படிந்து கிடந்தது. மோட்டார் விலைக்குச் சம்மதமா என்று செய்தி அனுப்பியிருந்தோம். அவர் எழுதிப் பதில் போடவில்லை. நேரில் வந்து, "போடுங்க" என்று பொடியனிடம் வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பொடியன் அதை டிக்கட்டில் பதியவில்லை. மென்பொருளுக்குத் தெரிந்தது மூன்று நாள் மௌனம் மாத்திரம். பெருநாள் உடுப்புக்கு அவர் வாங்கி வைத்திருந்த துணி அத்தனையும் வெட்டியபடி கிடந்ததாம்.

அன்று இரவே தராவீஹுக்குப் பிறகு கடையிலிருந்த புது இயந்திரமொன்றை இரவலாகக் கொடுத்தனுப்பினேன். அப்படியும் இரண்டு வீட்டார் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கடன் விடயத்தில் ஏவுகிறது. எழுதாத பேச்சு கணனிக்கும் இல்லாத பேச்சுத்தான். உப வேலை முடிந்தது, பணம் வந்தது, உதிரிப்பாகம் வந்தது: இவை பதியப்படும்போதே நடந்தவை. இவற்றை வைத்து நிலை மாற்றலாம். பதில் வரவில்லை என்பது எதற்கும் சாட்சியல்ல.

ஆகவே அந்த விதியை அழிக்கவில்லை, கடைசிப் பாகத்தை மட்டும் மாற்றினேன். மூன்று நாள் கழிந்தால் டிக்கட் மூடாது. 'தொலைபேசியில் கேள்' என்ற நிலைக்குப் போய் என் பெயரில் விழும். காலையில் கடை திறந்ததும் முதலில் அவற்றுக்குத்தான் கோல் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு நான்கைந்து இருக்கும். 'முடிந்தது' என்பதை, பொருளைக் கையில் கொடுத்து பற்றுச்சீட்டு எழுதும் ஆள் மட்டுமே போட முடியும். பொடியனும் இப்போது வாய்ப்பேச்சை உடனே பதிகிறான், சில வேளை எழுத்துப் பிழையோடு.