தரிசனமும் வாசமும்

உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவுன் பகுதியில், ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில், பைன் மரங்கள் சூழ்ந்த ஒரு மலைமுகட்டின்மீது கௌசானி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. இரவில் அங்கு வந்து சேரும் யாத்திரிகருக்கு எதுவும் தெரிவதில்லை. விடியற்காலையில் கதவைத் திறந்தால் வடதிசை முழுவதும் பனிமலைகள்: திரிசூல், நந்தாதேவி, பஞ்சசூலி என்று வரிசையாக நிற்கின்றன. சமவெளியில் பிறந்து வளர்ந்த கண் மலையைத் தேடும்போது தாழ்வாகத்தான் தேடும். மேகம் இருக்கவேண்டிய உயரத்தில் மலை இருக்கும் என்று அது எதிர்பார்ப்பதில்லை. ‘இன்னும் சற்று மேலே பாருங்கள்’ என்று அருகில் நிற்பவர் சொல்லவேண்டியிருக்கும்.

அந்தக் கணத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. ஊரில் விட்டுவந்த கவலைகளும், பயணத்தின் களைப்பும், நான் இன்னார் என்ற எண்ணமும் சற்று நேரம் விலகி நிற்கின்றன. 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காந்தியடிகள் கௌசானியில் தங்கினார். கீதைக்குத் தாம் செய்த குஜராத்தி மொழிபெயர்ப்பாகிய ‘அனாசக்தி யோக’த்தின் முன்னுரையை அங்குதான் நிறைவு செய்தார். அவர் தங்கிய இல்லம் இன்று அனாசக்தி ஆசிரமம் என்ற பெயரில் விளங்குகிறது. பற்றின்மையைக் குறித்து எழுதுவதற்கு அதைவிடத் தகுந்த இடம் அமைவது அரிது. ஆகவே முதல் தரிசனத்தின் பெருமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று.

ஆயினும் அந்த வியப்பு எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதைச் சிந்திக்கவேண்டும். வெயில் ஏறியதும் பெரும்பாலும் மேகங்கள் வந்து சிகரங்களை மூடிவிடுகின்றன. தேநீர் வருகிறது; புகைப்படங்கள் எடுத்தாகிவிட்டன. மறுநாள் காலையில் அதே மலை, அதே ஒளி; ஆனால் முந்தைய நாளின் சிலிர்ப்பு இல்லை. மூன்றாம் நாள், அடுத்து எங்கே போகலாம் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது.

இதற்கு வேதாந்தம் ஒரு காரணம் கூறுகிறது. புதிய பொருளொன்றைக் கண்டவுடன் மனம் விருப்பு வெறுப்பின்றி ஒரு கணம் ஓய்ந்து நிற்கிறது. அந்த ஓய்வில் வெளிப்படும் ஆனந்தம் நம்முடையதே. நாமோ அதைப் பொருளின்மீது ஏற்றி, மலை தந்தது என்கிறோம். ஆதலால் அதே மலை மறுநாள் அதைத் தராதபோது வேறு மலையைத் தேடிப் புறப்படுகிறோம். நான்கு தாமங்களையும் பத்து நாட்களில் ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்பவர்களை நாம் எல்லாரும் அறிவோம். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கடன், வழக்கு, பரீட்சை ஆகியவற்றைத்தான் நாம் வழக்கமாக ‘முடிக்கிறோம்’.

அப்படியானால் மலையருகிலேயே பிறந்து, வாழ்நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் நிலை என்ன? பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நம் பழமொழி. பழைய சம்ஸ்கிருத சுபாஷிதம் ஒன்றும் இக்கருத்தையே கூறுகிறது. அதற்கு அது காட்டும் உதாரணம், மலய மலையில் வாழும் வேடுவப் பெண். சந்தன மரத்தையே அவள் விறகாக எரிக்கிறாளாம். கேட்பதற்கு இது நயமாகத்தான் உள்ளது. ஆனால் இதைச் சொன்ன புலவர் மலைச்சரிவில் ஒரு நாளேனும் விறகு சுமந்தவராகத் தோன்றவில்லை. அப்பெண்ணிடம் அவர் எதையும் கேட்டறிந்ததாகவும் தெரியவில்லை.

இமயத்தின் அடுக்குமலைகளில் வாழும் பெண்களின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பசுக்களுக்குப் புல் அறுக்கவும், விறகு சேகரிக்கவும், நீர் கொண்டுவரவும் அவர்கள் விடியும் முன்பே சரிவுகளில் ஏறி இறங்குகிறார்கள். எந்தச் சரிவில் மழைக்குப்பின் கால் வைக்கக்கூடாது என்பதை அவர்கள் அறிவார்கள். ‘பாஞ்ச்’ எனப்படும் கருவாலி மரங்கள் நிற்குமிடத்தில் ஊற்று வற்றாது என்பதையும், பைன் மரங்கள் மட்டுமே நிற்கும் சரிவில் நிலம் வறண்டுவிடும் என்பதையும் தாயிடமிருந்து மகள் கற்கிறாள். கல்லால் கட்டிய ‘நௌலா’ என்னும் ஊற்றுக்கிணறுகளை அவர்கள் தெய்வ சன்னிதியாகவே மதிக்கிறார்கள். சிகரத்தை அண்ணாந்து பார்த்து மெய்ம்மறந்து நிற்க அவர்களுக்கு நேரம் இல்லாமலிருக்கலாம். எனினும் மலையை அறிந்தவர் யார் என்று கேட்டால், நாம் யாரைக் காட்டுவோம்?

மலையோடு அவர்கள் கொண்டுள்ள உறவு எத்தகையது என்பதற்கு நந்தாதேவியே சான்று. 7,816 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தைத் தொலைவிலிருந்து காணும் நாம் அன்னையென்று வணங்குகிறோம். குமாவுன், கட்வால் மக்களுக்கும் அவள் தேவிதான். ஆனால் அவர்களுக்கு அவள் தங்கள் ஊரில் பிறந்து, கயிலையில் வாழும் சிவபெருமானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மகளும் ஆவாள். கட்டிக்கொடுத்த மகளைத் ‘தியாணி’ என்று கட்வாலில் அழைப்பர். நந்தாவும் அவர்களுக்கு ஒரு தியாணியே. கணவனின் வீடோ பனியும் பாறையும் நிறைந்தது. அங்கே அவள் என்ன பாடுபடுகிறாளோ என்ற கவலை அம்மக்களின் பாடல்களில் ஒலிக்கிறது.

அவளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கும் யாத்திரையே ‘நந்தாதேவி ராஜ ஜாத்’. கர்ணப்பிரயாகைக்கு அருகிலுள்ள நௌட்டி கிராமத்திலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தூரத்தை மூன்று வாரங்களுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் கடந்து, ஹோம்குண்டம் என்னும் இடத்தை அடைகிறார்கள். வழியில் 5,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாயும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது மரபு. நடைமுறையில் 1968, 1987, 2000, 2014 ஆகிய ஆண்டுகளில் நடந்துள்ளது. மலையில் எதுவும் பஞ்சாங்கத்தின்படி மட்டும் நடப்பதில்லை! நான்கு கொம்புகளுடன் பிறந்த ஓர் ஆட்டுக்கடா யாத்திரையை முன்னின்று நடத்துகிறது. மகளுக்கான வளையல்கள், ஆடைகள், தின்பண்டங்கள் முதலிய சீர்வரிசைகளை அதன் முதுகில் ஏற்றியிருப்பார்கள். வழியிலுள்ள ஊர்தோறும் பெண்கள் திரண்டு வந்து, தம் வயிற்றில் பிறந்தவளை வழியனுப்புவதுபோலவே கண்ணீர் விடுகிறார்கள். நம் வீடுகளில் மகளை மறுவீட்டுக்கு அனுப்பிவைத்த தாய்மாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

வியப்பு எவ்வளவுதான் உயர்ந்ததாயினும் அதனிடம் கவலை இல்லை. பனிச்சிகரத்தைக் கண்டு பரவசமடைபவர் அது குளிரில் வாடுமே என்று எண்ணுவதில்லை. கவலை உறவிலிருந்து பிறக்கிறது. உறவு உடன் வாழ்வதிலிருந்து பிறக்கிறது. பக்தி நூல்கள் வாத்சல்யம் என்று கூறும் பாவம் இதுவே. இறைவனின் மகிமையைக் கண்டு அஞ்சி வணங்குவதைக் காட்டிலும், அவனைக் குழந்தையாகக் கொண்டு ‘பசிக்குமே’ என்று பதறுவதை அந்நூல்கள் உயர்வாக வைத்துப் பேசுவதற்கு இங்கே பொருள் விளங்குகிறது.

முதல் தரிசனமும் சிலருடைய வாழ்வை நிரந்தரமாக மாற்றியதுண்டு. வில்லி உன்சோல்ட் என்ற அமெரிக்க மலையேறுநர் இளமையில், 1940-களின் இறுதியில், இந்தியா வந்து நந்தாதேவியைக் கண்டார். தமக்கு மகள் பிறந்தால் அந்தப் பெயரையே சூட்டுவதென்று உறுதிகொண்டு, அவ்வாறே சூட்டினார். 1976-இல் இருபத்திரண்டு வயதான அம்மகள் தந்தையுடன் அச்சிகரத்தில் ஏறினாள். செப்டம்பர் 8 அன்று, உச்சிக்குக் கீழேயுள்ள முகாமில், தந்தையின் கண்முன்னே நோயுற்று உயிர் துறந்தாள். அவளது உடலை அம்மலையிடமே ஒப்படைத்துவிட்டு அவர் இறங்கினார். அழகினால் ஈர்க்கப்பட்டு மலையின் பெயரை மகளுக்கு இட்டவர் அவர். மகளென்ற உறவையே மலைக்குக் கொடுத்தவர்கள் அடிவாரத்து மக்கள். இவ்விரண்டையும் தராசில் நிறுத்த நாம் யார்? ஆனால் அம்மக்கள் அந்த உச்சியில் ஏறிநிற்க விழைந்ததில்லை என்பதை மட்டும் குறிப்பிடலாம்.

நந்தாதேவியின் மேற்குப் புறத்தில், ரிஷிகங்கை பாயும் பள்ளத்தாக்கில் ரேணி என்ற சிற்றூர் உள்ளது. அதன் அருகிலுள்ள காட்டில் சுமார் 2,500 மரங்கள் வெட்டுவதற்காக ஏலம் விடப்பட்டிருந்தன. 1974 மார்ச் 26 அன்று, நிலத்துக்கான இழப்பீடு பெறுவதற்காக ஊரின் ஆண்கள் சமோலிக்குச் சென்றிருந்த வேளையில், மரம் வெட்டுவோர் வந்தனர். கௌரா தேவி என்ற எளிய விதவைப் பெண்ணின் தலைமையில் பெண்களும் சிறுமியருமாக 27 பேர் காட்டுக்குள் சென்று வழிமறித்தனர். மிரட்டலுக்கும் ஏச்சுக்கும் அவர்கள் அசையவில்லை. அவர்கள் கூறிய காரணம், இந்தக் காடு எங்கள் ‘மாய்க்கா’ என்பதே. மாய்க்கா என்றால் பிறந்த வீடு. மரங்கள் போனால் சரிவு இறங்கிவந்து ஊரை மூடும் என்று அப்பெண்கள் அறிந்திருந்தனர்; 1970-ஆம் ஆண்டின் அலகநந்தா வெள்ளம் அவர்கள் நினைவிலிருந்து மறையவில்லை. வெட்ட வந்தவர்கள் திரும்பினர். பின்னர் வல்லுநர் குழு அமைக்கப்பட்டு, அலகநந்தாவின் மேல்நீர்ப்பிடிப்புப் பகுதியில் பத்தாண்டுகளுக்கு மரம் வெட்டுவது தடை செய்யப்பட்டது. சந்தனத்தை விறகாக எரிப்பவள் என்று சுபாஷிதம் ஏளனம் செய்த மலைப்பெண்ணின் மறுமொழியாகவே இதைக் கொள்ளலாம்.

இதனால் மலையருகில் வாழ்வோர் அனைவரும் மலையை அறிவர் என்று கொள்வதும் தவறாகும். ரேணிக்கு அருகிலுள்ள பெரிய நகரம் ஜோஷிமட். ஆதிசங்கரர் நிறுவிய ஜோதிர்மடம் அங்கு உள்ளது. அந்நகரம் பழைய நிலச்சரிவின் மண்ணின்மீது அமர்ந்திருக்கிறது என்றும், அங்கே பெரிய கட்டுமானங்கள் கூடாது, பாறைகளை வெடிவைத்து அகற்றக்கூடாது, மரங்களை நடவேண்டும் என்றும் 1976-லேயே மிஸ்ரா குழு அரசுக்கு அறிக்கை தந்தது. அதன்பிறகும் அங்கே விடுதிகள் மாடிமேல் மாடியாக எழுந்தன. கட்டியவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. சன்னலைத் திறந்தால் பனிமலை தெரியவேண்டும் என்று கேட்டவர்கள் நாம்.

2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. ரிஷிகங்கையில் பெருவெள்ளம் பாய்ந்து ரேணிக்கு அருகிலிருந்த நீர்மின் திட்டத்தை அடித்துச் சென்றது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அதே ஆண்டு மழைக்காலத்தில் ரேணியின் நிலம் சரியத் தொடங்கியபோது, ஊரிலிருந்த கௌரா தேவியின் சிலையைப் பாதுகாப்புக் கருதி எடுத்து ஜோஷிமட்டுக்குக் கொண்டுசென்றனர். 2023 ஜனவரியில் அந்த ஜோஷிமட்டிலேயே 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின.

மலைக்குச் செல்லும் நம்மவர் இச்செய்திகளைப் படித்து வருந்தியிருப்பார்கள். பலர் அடுத்த கோடையிலும் அதே வழியில் சென்றிருப்பார்கள். செல்வது பிழையன்று. இமயம் நம் அனைவருக்கும் உரியது என்ற உணர்வு இந்நாட்டை நெடுங்காலமாக இணைத்துவந்துள்ளது. ஆனால் ‘உரியது’ என்ற சொல்லுக்கு இரு பக்கங்கள் உண்டு. கேதாரநாத்தின் கதவு குளிர்காலத்தில் மூடப்பட்டு, சுவாமி உகீமடத்துக்கு எழுந்தருளுகிறார். கங்கோத்ரியின் கங்கை அன்னை முக்பா கிராமத்துக்கு இறங்கிவருகிறாள். ஆண்டில் ஆறு மாதம் மனிதர் இங்கு இருக்கவேண்டாம் என்பதை மலைவாசிகள் வழிபாட்டு முறையாகவே அமைத்துவைத்திருக்கிறார்கள். மலை எப்போதும் தனக்காகத் திறந்திருக்கவேண்டும் என்ற எண்ணம், ஒருமுறை வந்து பார்ப்பவனுக்கே எழுகிறது.

காண வந்தவர் வாழ்பவராக மாறுவதும் சாத்தியமே. 1932-இல் இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்த காதரீன் ஹைல்மன் என்ற பெண்மணி காந்தியடிகளைச் சார்ந்து சரளா பென் என்ற பெயருடன் பணியாற்றினார். சமவெளியில் உடல்நலம் குன்றவே குமாவுன் மலைகளுக்கு வந்தார். ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது சிறைப்பட்டோரின் குடும்பங்களுக்கு உதவ ஊர் ஊராக நடந்து, தாமும் சிறை சென்றார். 1946-இல் கௌசானியில், பனிமலைகளுக்கு எதிரே, மலைச்சிறுமியருக்காக லட்சுமி ஆசிரமத்தை நிறுவினார்.

அங்கே பாடத்தோடு பசுப் பராமரிப்பும், வயல்வேலையும், நூற்பும் சேர்ந்தே நடந்தன. தாய்மார் செய்யும் வேலை இழிவானது என்ற எண்ணம் படித்த பெண்ணின் மனத்தில் புகுந்துவிடக்கூடாது என்பது அவர் கவலை. அங்குப் பயின்ற விமலா, பின்னர் சுந்தர்லால் பகுகுணாவை மணந்து, சிப்கோ இயக்கத்தில் அவரோடு தோள்கொடுத்து நின்றார். சரளா பென் 1982-இல் அந்த மலைகளிலேயே காலமானார். அவருடைய ஆசிரமத்தின் முற்றத்திலிருந்தும் நந்தாதேவி தெரியும். மேகமில்லாத காலைகளில் சிறுமியர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுத்தொழுவத்துக்குப் போகிறார்கள்.