வலி என்னும் காவலாளி: நரம்பு வளர்ச்சிக் காரணியும் உழைப்பாளர் நலனும்

கேரள மாநிலத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்திருப்பது நெய்யாற்றின்கரை வட்டம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் பாறசாலை முதல் களியக்காவிளை வரையுள்ள சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்குகின்றன. இவ்வட்டத்தைச் சேர்ந்த பாலராமபுரத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நெசவாளர் மரபினர் இன்றும் குழித்தறியில் நெய்து வருகின்றனர். மரச்சீனி பயிரிடுவோரும், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளரும், கட்டட வேலைக்குச் செல்வோரும் இப்பகுதியில் மிகுதி.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான முதலீடு உடல் ஒன்றே. குறிப்பாகக் கால். தறியின் மிதியை அழுத்துவதும் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்குவதும் கால்களே. அக்கால் வலித்தால் அன்றைய கூலி குறையும். ஆனால் வலிக்க வேண்டிய நேரத்தில் வலிக்காமற் போனால் காலையே இழக்க நேரிடும். இவ்விரு இடர்களையும் இணைக்கும் ஒரு பொருள் உடலில் உண்டு. அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி எனப்படும் புரதம்.

கண்டுபிடிப்பின் வரலாறு

இத்தாலியின் தூரின் நகரில் 1909-இல் பிறந்தவர் ரீத்தா லெவி-மொந்தால்சினி அம்மையார். 1938-இல் அந்நாட்டு அரசு இயற்றிய இனவெறிச் சட்டங்களால் யூதரான அவர் பல்கலைக்கழகப் பணியை இழந்தார். தம் படுக்கையறையிலேயே சிறிய ஆய்வகம் ஒன்றை அமைத்துக்கொண்டு, கோழிமுட்டைக் கருக்களின் நரம்புகளை ஆராய்ந்தார். 1947-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகருக்குச் சென்று, விக்டர் ஹாம்பர்கர் என்னும் அறிஞருடன் பணியைத் தொடர்ந்தார்.

எலியின் கட்டி ஒன்றைக் கோழிக்கருவில் பதித்தபோது, கருவின் உணர்வு நரம்புகள் அக்கட்டியை நோக்கிப் பெருகி வளர்ந்தன. கட்டியிலிருந்து கசியும் ஏதோ ஒரு பொருளே இதற்குக் காரணம் என அம்மையார் முடிவு செய்தார். 1953-இல் அக்குழுவில் சேர்ந்த உயிர்வேதியியல் அறிஞர் ஸ்டான்லி கோஹன், அப்பொருள் ஒரு புரதம் எனக் காட்டினார்; பாம்பின் நஞ்சிலும் ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது செறிந்திருப்பதையும் கண்டார். இவ்விருவருக்கும் 1986-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அது செயற்படும் முறை

முதுகெலும்பின் இருபுறமும் வரிசையாக அமைந்த நரம்பு முடிச்சுகளில் உணர்வு நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீண்ட இழை தோல், தசை, மூட்டு ஆகியவற்றுக்குச் செல்கிறது. கரு வளரும் காலத்தில், இழை சென்றடையும் இடத்திலுள்ள திசுக்கள் நரம்பு வளர்ச்சிக் காரணியை மிகச் சிறிதளவே சுரக்கின்றன. இழையின் முனையிலுள்ள ஏற்பி அதனைப் பற்றிக்கொள்ள, அதன் செய்தி இழை வழியே அணுவின் உடலைச் சென்றடைகிறது. செய்தி கிடைத்த அணு பிழைக்கிறது, கிடைக்காதது மடிகிறது. தேவைக்கேற்ற எண்ணிக்கையில் நரம்புகள் அமைவது இவ்வாறே.

பிறந்து வளர்ந்த பின் இப்புரதத்தின் பணி மாறுகிறது. வலியை உணரும் நரம்புகள் உயிர் வாழ்வதற்கு அது முன்போல் இன்றியமையாததன்று; அவற்றின் கூர்மையைக் கூட்டுவதும் குறைப்பதுமே இப்போது அதன் பணி. காயமோ அழற்சியோ ஏற்பட்ட இடத்தில் அது மிகுதியாகச் சுரக்கிறது. அவ்விடத்து நரம்பு முனைகள் சில நிமிடங்களிலேயே கூருணர்வு பெறுகின்றன. மிளகாயின் காரத்தையும் கொதிநீரின் சூட்டையும் உணர்த்தும் ஏற்பி ஒன்று நரம்பு முனையில் உண்டு. 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதனை அடையாளம் கண்டனர். அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி இந்த ஏற்பியை எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொணர்கிறது. வீங்கிய விரலில் வெதுவெதுப்பான நீர் பட்டாலும் எரிவதற்கு இது ஒரு காரணமாகும். புண்பட்ட உறுப்புக்கு ஓய்வு தேவை என்பதை உடல் இவ்வாறு அறிவிக்கிறது.

இதன் மறுபக்கத்தை அரிய பரம்பரை நோய்கள் காட்டுகின்றன. இப்புரதத்தின் ஏற்பிக்குரிய மரபணுவில் பழுதுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு வலியே தெரியாது என்பதை 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். வட சுவீடனில் ஒரு குடும்பத்தாரிடம் இப்புரதத்தின் மரபணுவிலேயே பழுது இருப்பது 2004-இல் தெரியவந்தது. அவர்களுள் கடுமையாகப் பாதிக்கப்பட்டோரின் மூட்டுகள் வலியின்றியே சிதைந்தன.

வேலூர் தந்த பாடம்

வலியின்மை எவ்வளவு பெரிய இழப்பு என்பதை உலகுக்கு உணர்த்தியதில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே உதிர்வதில்லை. உணர்விழந்த கைகால்கள் சூட்டையும் அழுத்தத்தையும் அறியாமல் மீண்டும் மீண்டும் காயமுறுவதே அவற்றின் சிதைவுக்குக் காரணம் என அவர் எடுத்துக்காட்டினார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் அமைந்த தொழுநோய் ஆய்வு மையமும் இப்பணியில் ஈடுபட்டது. இவ்வனுபவத்திலிருந்து பரவலான நுண்துளை ரப்பர் அடிப்பாகம் கொண்ட செருப்பு, எண்ணற்றோரின் பாதங்களைக் காத்தது. தொழுநோய் தாக்கிய தோலில் நரம்பு வளர்ச்சிக் காரணி குறைந்துவிடுகிறது என்பதை 1994-இல், இந்திய மருத்துவர்களும் பங்கேற்ற ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது.

இன்றைய இடர்: நீரிழிவு

தொழுநோய் தணிந்துள்ள இக்காலத்தில், பாதங்களை மரக்கச் செய்யும் பெரும்பிணி நீரிழிவாகும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. இது வயதுவந்தோரில் 11.4 விழுக்காடு. கேரளத்திலோ இவ்விகிதம் 25.5 விழுக்காடு; அதாவது நால்வரில் ஒருவர். நீரிழிவுற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காலப்போக்கில் நரம்புப் பழுது நேர்கிறது. இவர்களின் தோலிலும் நரம்பு வளர்ச்சிக் காரணி குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

அவ்வாறாயின், குறைந்த பொருளை ஊசி வழியே செலுத்தினால் என்ன? இம்முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. ஆனால் நலமுள்ளோருக்குச் சிறிதளவு செலுத்தியபோதே தசைவலி தோன்றியது. ஆகவே அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1,019 நீரிழிவு நோயாளரிடம் 48 வாரங்கள் நடத்தப்பட்ட பெரும் சோதனை பயன் தரவில்லை என 2000-இல் அறிவிக்கப்பட்டது.

எதிர்த் திசையிலும் முயற்சி நடந்தது. முழங்கால் தேய்மானத்தால் துன்புறுவோருக்கு இப்புரதத்தைத் தடுக்கும் டனேசுமாப் என்னும் எதிர்ப்பொருள் தரப்பட்டது. வலி குறைந்தது உண்மை. ஆனால் சிலருக்கு மூட்டு விரைந்து சிதைந்தது. 2021 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வல்லுநர் குழு, 19-க்கு 1 என்ற வாக்கு விகிதத்தில் இதற்கு எதிராகக் கருத்துரைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் உருவாக்கப் பணி கைவிடப்பட்டது. கண்ணின் கருவிழி உணர்விழந்து புண்ணாகும் நோய்க்கு மட்டும், இப்புரதத்தால் ஆன சொட்டு மருந்து ஐரோப்பாவில் 2017-இலும் அமெரிக்காவில் 2018-இலும் ஒப்புதல் பெற்றது.

சிற்றூர்கள் செய்யக்கூடியது

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. வலியைக் கூட்டும் பொருளே திசுக்களைக் காக்கும் பொருளாகவும் இருக்கிறது. ஒன்றை விலக்கி மற்றொன்றைப் பெறும் மருந்து இன்னும் கைகூடவில்லை. ஆகவே உணர்வு மங்கிய பாதத்தை முன்கூட்டிக் கண்டறிந்து காப்பதே இன்று கைக்கெட்டும் வழி.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் சில இடங்களில் வைத்து, நோயாளி அதனை உணர்கிறாரா எனக் கேட்டால் போதும். துணை மையத்துச் செவிலியரும் பயிற்சி பெற்றால் சில நிமிடங்களில் இதனைச் செய்ய இயலும். எல்லைச் சிற்றூர்களில் கேள்வியை மக்கள் பேசும் சொல்லிலேயே கேட்பது நன்று. தமிழர் ‘மரத்துப்போதல்’ என்பதையே மலையாளத்தில் ‘மரவிப்பு’ என்கின்றனர். இரு சொற்களையும் அறிந்த பணியாளர் இரு மொழியினரிடமும் உண்மையைப் பெறுவார்.

கேரள அரசு 2008-இல் வகுத்த வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கை, உள்ளாட்சி அமைப்புகளின் துணையுடன் செவிலியரை நோயாளியின் வீட்டிற்கே அனுப்பும் ஏற்பாட்டை விரிவாக்கியது. வலியைத் தணிக்க வீடு தேடிச் செல்லும் அதே செவிலியர், அவ்வீட்டிலுள்ள நீரிழிவு நோயாளியின் வலியற்ற பாதத்தையும் நோக்கலாம். கூடுதற் செலவு மிகக் குறைவு.

நோயாளிக்குச் சொல்ல வேண்டியவையும் சிலவே. நாள்தோறும் இரவில் பாதங்களைப் பார்த்தல். அடிப்பாதம் தெரியாவிடில் கண்ணாடி வைத்துப் பார்த்தல் அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லுதல். தோட்டத்திலும் வீட்டிலும் வெறுங்காலுடன் நடவாதிருத்தல். மென்மையான அடிப்பாகம் கொண்ட, காலுக்குப் பொருந்திய செருப்பணிதல். வெந்நீரைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதித்தல். கொப்புளம் வலிக்கவில்லை எனினும் உடனே மருத்துவமனை செல்லுதல். இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல்.

கால் இழந்த ஒரு நெசவாளரின் குடும்பம் வருவாயை இழக்கிறது. மருத்துவச் செலவுக்குக் கடனும் வாங்குகிறது. அக்காலை நோக்குவதற்கு ஆகும் செலவோ ஒரு நைலான் இழையும் சில நிமிடங்களுமே. உள்ளாட்சிகளின் ஆண்டுத் திட்டங்களில் பாதப் பரிசோதனைக்கு ஓரிடம் ஒதுக்கப்படுமாயின், உழைப்பாளரின் கால்கள் மட்டுமன்றி அவர்தம் வாழ்வும் காக்கப்படும்.