நடுவயதும் கன்னாபிடியாலும்: தக்க வகையைத் தேர்ந்தறியும் முறை

நாற்பது வயதைக் கடந்தோரிடம் உறக்கக் குறைவு, மூட்டு வலி, மனக்கலக்கம் ஆகியவை பெரும்பாலும் ஒன்றையொன்று தொடர்ந்து தோன்றுகின்றன. வலியால் உறக்கம் கெடுகிறது. உறக்கமின்மையால் மனம் சோர்கிறது. சோர்ந்த மனத்திற்கு வலி மேலும் மிகுந்து தோன்றுகிறது. இம்மூன்றுக்கும் ஒரே மருந்து என்ற விளம்பரத்துடன் கன்னாபிடியால் என்னும் பொருள் அடங்கிய எண்ணெய்கள் அண்மைக் காலத்தில் விற்கப்பட்டு வருகின்றன. இப்பொருளைச் சுருக்கமாக சி.பி.டி. என்பர். “இவற்றுள் எந்த வகை நல்லது?” என்னும் கேள்வி சுகாதார ஊழியரிடமும், விவசாய விரிவாக்க ஊழியரிடமும், ஆசிரியரிடமும் கேட்கப்படுகிறது.

இக்கேள்விக்கு நேரே விடை கூற முற்படுவது சரியன்று. வகையைப் பற்றிய கேள்வி உண்மையில் நான்காவதாக வரவேண்டியது. அதற்கு முன் மூன்று கேள்விகள் உள்ளன. எந்தக் குறைக்காக அது நாடப்படுகிறது? கேட்பவர் ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகள் எவை? புட்டிக்குள் இருப்பது எதுவென்று சோதித்து அறியப்பட்டதா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் வகையைத் தேர்வது எளிதாகும். பல சமயங்களில் தேர்வே தேவையற்றதாகவும் ஆகிவிடும்.

பொருளின் வரலாறும் இயல்பும்

கஞ்சாச் செடியின் மருத்துவக் குணத்தை மேனாட்டு முறையில் முதன்முதல் ஆராய்ந்த இடங்களுள் கல்கத்தா முக்கியமானது. அங்கு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓஷானஸி என்பவர், 1839ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், இச்செடியின் சாரத்தை வலிப்பு முதலிய நோய்களில் பயன்படுத்திக் கண்டவற்றை விவரித்தார். ஆயினும் செடியிலுள்ள எந்தப் பொருள் எந்த விளைவைத் தருகிறது என்பது அக்காலத்தில் விளங்கவில்லை. 1940இல் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸ் கன்னாபிடியாலைத் தனியே பிரித்தெடுத்தார். 1963இல் இஸ்ரேலைச் சேர்ந்த மெக்கூலம், ஷ்வோ ஆகியோர் அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டே, போதை தரும் பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினாலை மெக்கூலமும் கயோனியும் பிரித்தெடுத்தனர். இப்பொருளைச் சுருக்கமாக டி.எச்.சி. என்பர்.

ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. சி.பி.டி., டி.எச்.சி. ஆகிய இரண்டின் மூலக்கூற்றிலும் 21 கார்பன் அணுக்கள், 30 ஹைட்ரஜன் அணுக்கள், 2 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, அமைப்புத்தான் வேறு. டி.எச்.சி.யில் ஒரு வளையம் மூடியிருக்கிறது, சி.பி.டி.யில் அது திறந்திருக்கிறது. இச்சிறு வேற்றுமையால் ஒன்று போதை தருகிறது, மற்றொன்று தருவதில்லை. தூய நிலையிலுள்ள சி.பி.டி. அடிமைப்பழக்கத்தை உண்டாக்கும் அறிகுறி எதையும் காட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2018இல் தெரிவித்தது. “தூய நிலையிலுள்ள” என்ற சொற்களை மறக்கலாகாது.

மூன்று வகைகள்

விற்பனைக்கு வரும் எண்ணெய்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது தூய வகை. இதனைச் சீட்டுகளில் ‘ஐசொலேட்’ என்று குறிப்பிடுவர். செடியின் மற்றப் பொருள்கள் நீக்கப்பட்டு, சி.பி.டி. மட்டும் ஏதேனும் ஓர் எண்ணெயில் கரைக்கப்படுகிறது.

இரண்டாவது, டி.எச்.சி. நீக்கிய கலவை வகை. ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று எழுதப்படுவது. செடியின் மற்றப் பொருள்கள் பல இருக்கும், டி.எச்.சி. மட்டும் பெரும்பாலும் அகற்றப்பட்டிருக்கும்.

மூன்றாவது முழுக் கலவை வகை. ‘ஃபுல் ஸ்பெக்ட்ரம்’ எனப்படுவது. இதில் டி.எச்.சி.யும் சிறிதளவு உண்டு. பல பொருள்கள் கூடியிருப்பதால் விளைவு சிறக்கும் என்று விற்போர் கூறுவதுண்டு. இக்கருத்து மனிதரிடம் நடத்திய போதிய சோதனைகளால் இன்னும் நிறுவப்படவில்லை.

இவையன்றி மேற்பூச்சுக் களிம்புகளும் உள்ளன. சி.பி.டி. எண்ணெயில் கரையும் பொருளாதலால் தோலின் மேற்படலத்திலேயே பெரும்பகுதி தங்கிவிடுகிறது. உள்ளே செல்வது சிறிதே.

பயன் எதில் நிறுவப்பட்டுள்ளது?

சி.பி.டி.யின் பயன் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டிருப்பது சில கடுமையான வலிப்பு நோய்களிலேயாகும். லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே என்னும் இரு வகை வலிப்புகளுக்கு எபிடியோலெக்ஸ் என்ற தூய சி.பி.டி. கரைசலை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதித்தது. 2020இல் டியூபரஸ் ஸ்க்ளிரோஸிஸ் நோயைச் சார்ந்த வலிப்புக்கும் அனுமதி தரப்பட்டது. இவை பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்கும் நோய்கள்.

நடுவயதினர் நாடும் குறைகளில் நிலைமை வேறு. நாட்பட்ட வலிக்குக் கஞ்சாவிலிருந்து வரும் பொருள்களைப் பொதுவாகப் பயன்படுத்துவதை ஆதரிக்க இயலாது என்று சர்வதேச வலி ஆராய்ச்சிச் சங்கம் 2021இல் அறிவித்தது. மனக்கலக்கத்தைப் பற்றி பிரேஸில் நாட்டில் நடந்த ஒரு சோதனை சிந்திக்கத்தக்கது. உடல்நலமுள்ள 57 ஆடவருக்கு, கூட்டத்தில் பேசுவது போன்ற ஒரு சூழ்நிலையை அமைத்து, 150, 300, 600 மில்லிகிராம் என வெவ்வேறு அளவுகளோ வெற்று மருந்தோ கொடுத்தனர். 300 மில்லிகிராமில் மட்டுமே கலக்கம் குறைந்தது. அளவைக் கூட்டினால் பயனும் கூடும் என்ற எண்ணம் இப்பொருளுக்குப் பொருந்தாது என்பதை இது காட்டுகிறது. ஒரு வேளை மருந்தின் விளைவை மட்டும் கண்ட இச்சோதனையைக் கொண்டு, மாதக்கணக்கில் உட்கொள்வதற்கு முடிவு கூற இயலாது.

நடுவயதில் தனிக் கவனம் ஏன்?

நடுவயதிற்குரிய பேராபத்து, சி.பி.டி.யைவிட அதனுடன் சேரும் மருந்துகளாலேயே வருகிறது. இவ்வயதில் பலர் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இதய நோய் முதலியவற்றுக்கு நாள்தோறும் மருந்து உட்கொள்கின்றனர். அம்மருந்துகளில் பலவற்றை மாற்றி வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதிக் குடும்பம் செய்கிறது. சி.பி.டி. இக்குடும்பத்தைச் சேர்ந்த சில நொதிகளின் வேலையைத் தடுக்கிறது. மதகை அடைத்தால் வாய்க்காலில் நீர் மட்டம் உயர்வதுபோல, வெளியேற வேண்டிய மருந்து இரத்தத்தில் தேங்கி நிற்கிறது.

இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோரிடம் சி.பி.டி. சேர்ந்தபோது அம்மருந்தின் வேகம் மிகுந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். இதனால் இரத்தப்போக்கு ஏற்படக்கூடும். வலிப்புக்குரிய குளோபஸாம் மருந்தோடு சேரும்போது தூக்கக் கலக்கம் மிகுகிறது. வால்புரோயேட் மருந்தோடு சேரும்போது கல்லீரலுக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு கூடுகிறது. இதய நோயாளர் உட்கொள்ளும் குளோபிடோக்ரெல் இதற்கு மாறானது. கல்லீரல் நொதி அதை மாற்றிய பிறகே அது வேலை செய்யும். அந்நொதி தடைப்பட்டால் மருந்து பயனற்றுப் போகக்கூடும். ஆகவே இங்கும் எச்சரிக்கை தேவை.

கல்லீரலையும் தனியே கருத வேண்டும். அமெரிக்காவில் உடல்நலமுள்ளவர்களுக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 5 மில்லிகிராம் வீதம் 28 நாட்கள் சி.பி.டி. கொடுத்துச் சோதித்து, 2025இல் முடிவை வெளியிட்டனர். உட்கொண்டோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேருக்குக் கல்லீரல் நொதியின் அளவு, இயல்பான மேலெல்லையின் மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது. மருந்தை நிறுத்தியபின் தணிந்தது. இவர்கள் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருந்தனர். இரத்தப் பரிசோதனையே உண்மையை வெளிப்படுத்தியது. கொழுப்புள்ள கல்லீரல் உடையவர்களும், மது அருந்துவோரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உணவும் விளைவை மாற்றுகிறது. கொழுப்பு மிகுந்த உணவோடு உட்கொண்டால், வெறும் வயிற்றில் உட்கொள்வதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு சி.பி.டி. இரத்தத்தில் சேர்கிறது. ஒரு நாள் பட்டினியாகவும் மறுநாள் விருந்துக்குப் பின்னும் அதே துளிகளை உட்கொள்பவர், உண்மையில் இரு வேறு அளவுகளை உட்கொண்டவராகிறார்.

ஒரு சிறு கணக்கு

30 மில்லிலிட்டர் புட்டியில் 1,500 மில்லிகிராம் சி.பி.டி. உள்ளதாகச் சீட்டில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் இருக்கும். மில்லிலிட்டருக்கு 20 துளிகள் என்றால், ஒரு துளியில் 2.5 மில்லிகிராம் உண்டு.

உடல்நலமுள்ள பெரியவர்கள் உணவின் வழியாக நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கொள்ள வேண்டாம் என்று பிரிட்டிஷ் உணவுத் தர நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. அதற்கு முன் அது கூறிய எல்லை 70 மில்லிகிராம். 10 மில்லிகிராம் என்பது இப்புட்டியிலிருந்து 4 துளிகளே. வலிப்பு நோய்க்கோ பொதுவாகக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் தரப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 600 மில்லிகிராம். அதாவது 12 மில்லிலிட்டர். புட்டி இரண்டரை நாளில் தீர்ந்துவிடும். பயன் நிறுவப்பட்ட அளவுக்கும், தாமாக உட்கொள்வதற்குக் கூறப்பட்ட எல்லைக்கும் எத்தனை தூரம் என்பது இதனால் விளங்கும்.

முழுக் கலவை வகையில் எடைக்கு நூற்றுக்கு 0.3 பங்கு டி.எச்.சி. இருந்தால், ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 2.8 மில்லிகிராம் வரும். டி.எச்.சி.யையே மருந்தாகத் தரும் நாடுகளில் அதன் சிறிய மாத்திரை 2.5 மில்லிகிராம். எனவே 0.3 என்ற எண்ணைப் புறக்கணிக்கத்தக்கது என்று கருதுதல் தவறு. பேருந்து, லாரி, இரயில் ஓட்டுநர்களும், உயரத்தில் நின்று பணியாற்றுவோரும் இவ்வகையைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையிலும் இது வெளிப்படக்கூடும்.

சீட்டும் சரக்கும்

2017இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கடித வழி வணிகம் போன்று இணைய வழியாக விற்கப்பட்ட 84 சரக்குகளை வாங்கிச் சோதித்தனர். சீட்டில் கண்ட அளவு சரியாக இருந்தவை நூற்றுக்கு 31 மட்டுமே. 43 விழுக்காட்டில் குறித்ததைவிட மிகுதியாகவும், 26 விழுக்காட்டில் குறைவாகவும் சி.பி.டி. இருந்தது. 18 சரக்குகளில் டி.எச்.சி. காணப்பட்டது. ஆகவே வகையின் பெயரைவிட, அந்தத் தொகுதிக்குரிய ஆய்வுக்கூடச் சான்றே முக்கியமானது.

இந்தியாவில் உள்ள நிலை

1985ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள் சட்டம், செடியின் பிசினான சரஸையும், பூங்கொத்தான கஞ்சாவையும், அவற்றின் சாரங்களையும் கட்டுப்படுத்துகிறது. பூங்கொத்து சேராத இலையும் விதையும் கஞ்சா என்னும் விளக்கத்துள் அடங்கா. இலையாகிய பாங்கு மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்குரிய விதிகளில் இச்செடி நச்சுப் பொருள்களின் பட்டியலில் உள்ளது. அதைச் சேர்த்த உள்மருந்தின் சீட்டில், மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருத்தல் வேண்டும். உத்தரகண்ட் மாநிலம் 2018இல், டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத வகைகளை வணிக முறையில் பயிரிட முதன்முதல் அனுமதித்தது.

குமாவோன் மலைப்பகுதியில் இச்செடியின் விதையை வறுத்து அரைத்துத் துவையலாக உண்பது பழைய வழக்கம். விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் விதிகளை வெளியிட்டது. அவற்றில் சி.பி.டி. கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஒரு தேக்கரண்டி விதை எண்ணெயில் அரை மில்லிகிராமும் தேறாது. விதை எண்ணெய் நல்ல உணவு, அது சி.பி.டி. எண்ணெய் அன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பெரும்பொருள் கொடுத்து ஏமாறுவோர்க்கு இதனை எடுத்துரைத்தல் ஊழியரின் கடமை.

தேர்ந்தறியும் வரிசை

1. குறையின் காரணத்தை முதலில் மருத்துவரிடம் அறிய வேண்டும். குறட்டையோடு கூடிய உறக்கக் கேடு, தைராய்டுக் குறை, மாதவிடாய் நிற்கும் காலத்து வெப்ப உணர்ச்சி ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சிகிச்சைகள் உண்டு.

2. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெயை நாடுவது ஒருபோதும் கூடாது.

3. கல்லீரல் நோயுள்ளவர்கள், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோர் இதைத் தவிர்க்க வேண்டும்.

4. மருத்துவர் இசைந்தால், உள்ளடக்கம் தெளிவாக அறியப்படும் தூய வகையே நடுவயதினர்க்கு ஏற்றது. தொகுதிச் சான்று இல்லாத எதையும் ஏற்கலாகாது.

5. குறைந்த அளவில், ஒரே வகை உணவுக்குப்பின், ஒரே நேரத்தில் உட்கொண்டு குறிப்பெழுதி வரவேண்டும். தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, பசியின்மை, கண் மஞ்சளித்தல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரைக் காணவேண்டும்.

6. மருத்துவர் குறித்த காலத்துக்குள் பயன் தெரியாவிடில், அளவைத் தாமாகக் கூட்டாமல் அவரிடமே திரும்பச் செல்ல வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. 10 மில்லிலிட்டர் புட்டியில் 300 மில்லிகிராம் சி.பி.டி. உள்ளது. மில்லிலிட்டருக்கு 20 துளிகள் எனில், 6 துளிகளில் உள்ள அளவு யாது?

2. ஒரே எண்ணிக்கையில் அணுக்களைக் கொண்ட இரு பொருள்கள் வெவ்வேறு விளைவுகளைத் தருவது எவ்வாறு?

3. வார்ஃபரின் உட்கொள்ளும் ஐம்பது வயது லாரி ஓட்டுநர் ஒருவர் முழுக் கலவை எண்ணெயைப் பற்றிக் கேட்கிறார். அவரிடம் கூறவேண்டிய இரு காரணங்களை எழுதுக.