அருளும் எண்ணிக்கையும்

உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என்றொரு பகுதி உண்டு. வேடனிடம் அகப்பட்ட மான், தன் கன்றுக்குப் பாலூட்டி மீள்வதாக வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மானும் சொன்ன சொல் தவறாது திரும்புகிறது. வேடனின் மனம் மாறுகிறது. பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியும் இதனோடு ஒப்பிடத்தக்கது. இரண்டிலும் கண்ணெதிரே நின்றது ஓர் உயிரே. ஆயிரம் மான்கள், ஆயிரம் கொடிகள் என்று கேள்விப்பட்டால் நம்மனோர் உள்ளம் ஆயிரம் மடங்கு உருகுமோ?

உருகுவதில்லை என்பதே உண்மை. துன்புறும் ஒரு சிறுமியின் படத்தையும் பெயரையும் மட்டும் கண்டவர்கள் மிகுதியாக உதவினர் என்றும், அதே சிறுமியோடு பல இலட்சம் பேரின் பசிக் கணக்கையும் சேர்த்துக் கண்டவர்கள் குறைவாகவே கொடுத்தனர் என்றும் 2007இல் வெளியான அமெரிக்க உளவியல் ஆய்வொன்று காட்டியது. முகம் நெஞ்சைத் தொடுகிறது; எண்ணோ அறிவோடு நின்றுவிடுகிறது. ‘இத்தனை பேருக்கு நம்மால் என்ன ஆகும்?’ என்னும் சோர்வும் கையைத் தடுக்கிறது.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருப்பாச்சூரில் ஒரு வீடு தீப்பற்றினால் தெருவே குடமெடுத்து ஓடும். ஆனால் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பதை நம்முள் எத்தனை பேர் நினைக்கிறோம்? 1983 சூலைக் கலவரத்தின்போது தமிழகம் கடையடைத்துக் கண்ணீர் சிந்தியது. அதுமுதல் வந்தவர்கள் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 2021ஆம் ஆண்டளவிலும் தமிழகத்தில் 100க்கு மேற்பட்ட முகாம்களில் 50,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களுள் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். அவ்வழியே பேருந்தில் பன்முறை சென்ற நாமும் இறங்கிப் பார்த்தோமில்லை. அண்டை ஊரின் நிலையே இதுவாயின், 2024 இறுதியில் உலகெங்கும் வீடிழந்து பெயர்ந்திருந்த 12 கோடிக்கு மேற்பட்டோர் நம் நெஞ்சில் எங்ஙனம் இடம்பெறுவர்?

ஆயின் மனிதன் கல்நெஞ்சனோ? அல்லன். இரக்கம் ஊற்றுநீர் போன்றது. அருகிலிருப்போர் தாகம் தீர்க்கும்; ஊர் வயலுக்கெல்லாம் பாய ஏரியும் கால்வாயும் வேண்டும். அன்பிலே பிறக்கும் அருள், பொருளின் துணையால் வளர்வது என்பது வள்ளுவர் கண்ட முறை. மணிமேகலையும் அமுதசுரபி ஏந்திப் பசிதீர்த்ததோடு அமையாமல், அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை நிறுவினார். ஒருவரின் உருக்கம் பலரின் ஏற்பாடாக மாறிய இடங்கள் இவை.

இஸ்லாம் இவ்வுண்மையை வணக்கமாகவே விதித்தது. ‘ஸதகா’ உள்ளம் நெகிழும்போது கொடுப்பது. ‘ஜகாத்’ நெகிழ்ந்தாலும் நெகிழாவிட்டாலும் கொடுக்க வேண்டுவது. உரிய அளவை எட்டி ஓராண்டு நிறைந்த சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு. அதனைப் பெறுவோர் எண்வகையினர் எனத் திருமறை வகுத்துள்ளது. அவர்களுள் வழிப்போக்கரும் உளர். கொடுப்பவர் பெறுபவரின் முகத்தைக் கண்டிருக்க வேண்டும் என்னும் நியதி அங்கில்லை. எண்ணிக்கையைக் கண்டு மரத்துப்போகும் நெஞ்சைக் கணக்கினாலேயே கடமைக்குத் திருப்பிய நுட்பம் இது.

இரண்டும் வேண்டும். முகம் காணாத கடமை வறண்டுபோகும். கடமையாகாத இரக்கம் கண்ணீரோடு காய்ந்துபோகும். ஆகவே மாணவச் செல்வங்களே, மாதம் ஒரு மாலைப்பொழுதையும் கைச்செலவில் ஒரு சிறு பங்கையும் இன்றே வரையறுத்துக்கொள்ளுங்கள். முதற்பயணம் கும்மிடிப்பூண்டிக்காகட்டும், அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். உடன் வர ஆசிரியராகிய நாமும் கடமைப்பட்டுள்ளோம். வல்ல இறைவன் துணைநிற்பானாக!