கேஸ் படிக்கத் தெரிஞ்சா அரியரும் க்ளியர் ஆகும்!



ஐந்தாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னிக்கு என் கணக்கில் இரண்டு அரியர். அதில் ஒன்று சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ். மூன்றாவது செமஸ்டரில் போனது, திரும்ப எழுதியும் போச்சு. ஸ்டாண்டிங் அரியர் இருந்தா பல கம்பெனிகள் டெஸ்ட் எழுதவே விட மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். வீட்டில் சொல்ல தைரியம் வரலை. முதலில் சொன்னது பெரியப்பா பொண்ணுகிட்டதான். அக்கா அப்போ சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம், வகுப்பில் நல்ல மார்க் வாங்குறவங்க.

திட்டுவாங்கன்னு பார்த்தா, "நோட்டை எடுத்துட்டு வாடா" என்றார்கள். எல்லாப் பக்கமும் மஞ்சள் ஹைலைட்டர். நோட்டை மூடி வெச்சுட்டு, "இப்போ இதுல என்ன இருக்குன்னு சொல்லு" என்றார்கள். மூணு வரிக்கு மேல எனக்கு வரலை.

அன்னிக்கு அக்கா சட்டப் படிப்பை எப்படிப் படிக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. பி.இ. முடிச்சுட்டு மூணு வருஷ எல்.எல்.பி. போகலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு இது நேராகவே உதவும். மத்தவங்களும் படிங்க, நம்ம பேப்பருக்கும் இது வேலை செய்யுது.

1. கேஸை ஐந்து கேள்வியா உடைங்க

சட்ட மாணவர்கள் ஒரு தீர்ப்பைக் கதை மாதிரி படிச்சு மனப்பாடம் பண்றதில்லை. என்ன நடந்தது? கோர்ட் முன்னாடி இருந்த கேள்வி என்ன? அதற்கான விதி எது? இந்த விஷயத்தில் அந்த விதி எப்படிப் பொருந்துது? முடிவு என்ன? இந்த ஐந்துக்கும் அரைப் பக்கத்தில் பதில் எழுதி வெச்சுக்குவாங்க.

நம்ம ஆள் ஒருத்தர் வர்ற கேஸையே பார்ப்போம். பால்ஃபர் எதிர் பால்ஃபர், 1919. பால்ஃபர் ஒரு சிவில் இன்ஜினியர், சிலோன் அரசாங்கத்தில் நீர்ப்பாசன இயக்குநர். 1915ல் மனைவியோடு லீவில் இங்கிலாந்து போனார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, அங்கேயே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். 1916ல் பால்ஃபர் மட்டும் திரும்பும்போது, மாசம் 30 பவுண்டு தருவதாகச் சொன்னார். பிறகு உறவு கசந்து, பிரிஞ்சே இருக்கலாம்னு கடிதம் போட்டார். சொன்ன பணத்தைக் கேட்டு மனைவி வழக்குப் போட்டார்.

கேள்வி: கணவர் கொடுத்த வாக்கு ஒப்பந்தமா? விதி: சட்டப்படி கட்டுப்படணும் என்ற எண்ணம் இரண்டு பேருக்கும் இருந்தால்தான் ஒப்பந்தம். பொருத்தம்: சுமுகமா வாழ்ற கணவன் மனைவி வீட்டுச் செலவுக்குப் பேசிக்கிறதில் பொதுவா அந்த எண்ணம் இருக்காது. முடிவு: கீழ்க் கோர்ட்டில் ஜெயிச்ச மனைவி, அப்பீலில் தோத்தார்.

2. மார்க் இருக்கிறது முடிவில் இல்லை

"கணவன் மனைவி பேச்சு ஒப்பந்தம் ஆகாது"ன்னு மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போனா மாட்டிக்குவீங்க. மெரிட் எதிர் மெரிட், 1970ஐப் பாருங்க. இங்கேயும் கணவன் மனைவிதான். ஆனா கணவர் ஏற்கெனவே பிரிஞ்சு போயிட்டார். மாசம் 40 பவுண்டு தருவதாகப் பேசி, வீட்டுக் கடன் முடிஞ்சதும் வீட்டை மனைவி பேருக்கு மாத்தித் தர்றேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை கோர்ட், இது ஒப்பந்தம்தான்னு சொல்லிடுச்சு.

விதி அதேதான். மாறினது சூழ்நிலை. பரீட்சையில் கேட்கிற கேள்வியும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் இருக்கும். விதியைக் கேள்வியில் கொடுத்த விவரங்களோடு வரிக்கு வரி பொருத்திக் காட்டுறவங்களுக்குத்தான் மார்க்.

நான் தப்பு பண்ணின இடமும் இதுதான். சிக்னல்ஸ் பேப்பரில் ஒரு கணக்கு: 4 கிலோஹெர்ட்ஸ் சைன் சிக்னலை 6 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் பண்ணினா திரும்ப எடுக்க முடியுமா? நான் தியரத்தை முழுசா எழுதிட்டு "முடியாது"ன்னு முடிச்சிருந்தேன். இப்போ எழுதுறதுன்னா: அதிகபட்ச அதிர்வெண் 4, விதிப்படி 8க்கு மேல வேணும், கொடுத்தது 6, அதனால் இது 6 - 4 = 2 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் மாதிரி வேஷம் போட்டு வரும். நடுவில் இருக்கிற அந்த மூணு வரிதான் முதலில் என்கிட்ட இல்லாதது.

3. செக்‌ஷனை லாஜிக் கேட் மாதிரி படிங்க

சட்டத்தின் அசல் வாசகம் மட்டும் இருக்கிற புத்தகத்தை 'பேர் ஆக்ட்'ன்னு சொல்வாங்க. கைடுக்கு முன்னாடி அதைப் படிக்கணும்னு அக்கா அடிச்சுச் சொல்வாங்க. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 11ஐ எடுத்துக்கோங்க. ஒப்பந்தம் செய்ய ஒருத்தர் மேஜராக இருக்கணும், தெளிவான மனநிலையில் இருக்கணும், வேற எந்தச் சட்டமும் அவரைத் தடுத்திருக்கக் கூடாது. மூணு இன்புட் உள்ள அண்ட் கேட்! ஒன்று பூஜ்யமானாலும் அவுட்புட் பூஜ்யம். மைனர் எழுதிக் கொடுத்த அடமானம் செல்லாதுன்னு மொஹோரி பீபி கேஸில் 1903ல் பிரிவி கவுன்சில் சொன்னது இந்த முதல் இன்புட்டை வெச்சுத்தான். நம்ம டெஃபனிஷன்களையும் இப்படி உடைச்சுப் பாருங்க, ரெண்டு மார்க் கேள்வி மறக்கவே மறக்காது.

4. மூடி வெச்சுட்டு எழுதுங்க

திரும்பத் திரும்பப் படிச்சா தெரிஞ்ச மாதிரியே இருக்கும். அது ஏமாத்து. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006ல் மாணவர்களை வெச்சுச் சோதிச்சாங்க. ஐந்து நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ, திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்போ, பார்க்காம எழுதிப் பார்த்தவங்க முன்னாடி. நமக்குப் பரீட்சை ஐந்து நிமிஷத்திலா வருது?

நான் செஞ்சது: தினம் ராத்திரி வெள்ளைத் தாளில், அன்னிக்குப் படிச்சதைப் பார்க்காம எழுதுவேன். விட்டுப்போனதைச் சிவப்பில் சேர்ப்பேன். மூணு நாள் கழிச்சு அந்தச் சிவப்பை மட்டும் மறுபடி எழுதுவேன். முதல் வாரம் தாள் முழுக்கச் சிவப்புதான். மானம் போகும், பரவாயில்லை.

5. மார்க்குக்கு ஏத்த நேரம்

180 நிமிஷத்தில் கேள்வி படிக்கவும் சரிபார்க்கவும் 15 போனா மீதி 165. 100 மார்க்குக்குப் பங்கு போட்டா மார்க்குக்கு 1.65 நிமிஷம். அப்போ 13 மார்க் கேள்விக்கு 21 நிமிஷம். அதைத் தாண்டினா கொஞ்சம் இடம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க. பழைய கேள்வித்தாளை வாட்ச் வெச்சு மூணு தடவையாவது எழுதிப் பாருங்க.

அடுத்த செமஸ்டரில் இரண்டு அரியரும் க்ளியர். அதுக்குள்ள ஆசைப்பட்ட ஒரு கம்பெனி வந்துட்டுப் போயிடுச்சு, அந்த வருத்தம் இன்னும் இருக்கு. அதனாலதான் ஜூனியர்ஸுக்கு இப்பவே சொல்றேன்.

இன்னொரு தகவல்: சட்டத்தில் ஆர்வம் வந்துட்டா, பேட்டன்ட் ஏஜென்ட் பரீட்சை எழுத இன்ஜினியரிங் டிகிரியே போதும், எல்.எல்.பி. தேவையில்லை. யோசிச்சுப் பாருங்க.

இன்னிக்கு ராத்திரி ஒரு வெள்ளைத் தாள் எடுங்க. நோட்டை மூடுங்க. எழுதுங்க.

ஆல் தி பெஸ்ட்!