படியெடுத்த உடலும் படியெடுக்க இயலா உயிரும்

சேலத்திற்கு வடக்கே உயர்ந்து நிற்கும் சேர்வராயன் மலையின் உச்சியில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், சேர்வராயன் கோயில் அமைந்துள்ளது. சிறு குகையே அதன் கருவறை. சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கு வழிபடப்பெறுகின்றனர். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் அக்கோயிலைக் கண்டு இறங்கி, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையினர் பேணிவரும் ஆர்க்கிட் பூங்காவிற்குச் சென்றோம்.

ஆர்க்கிட் விதை தூசினும் நுண்ணியது. முளைக்குங்கால் உண்ண வேண்டிய உணவு அவ்விதையுள் இல்லை. ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றி இயற்கையில் அது முளைப்பதில்லை. 1960ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் மோரல், செடியின் குருத்து நுனியைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, ஒரு செடியினின்று அதனையே ஒத்த பல செடிகளைப் பெறும் வழியைக் காட்டினார். இதை நான் விளக்கியதும் கல்லூரியில் பயிலும் பேத்தி வினவினாள்: “பாட்டி, ஒரு செடியை ஆயிரமாக்கினால் அதன் உயிரும் ஆயிரமாகப் பிளந்ததா? நாளை மனிதரையும் இவ்வாறு செய்தால், உயிரை மனிதனே படைத்தான் என்று ஆகிவிடாதா?”

அவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே இப்பாடம்.

உயிர் வேறு, உடல் வேறு

உயிர் அநாதியானது, ஒருவராலும் படைக்கப்படாதது என்பது ஜினதர்மத்தின் அடிப்படை. உடலோ புற்கலத்தால் ஆயது. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் பிறப்பினைச் சம்மூர்ச்சனம், கர்ப்பம், உபபாதம் என மூவகையாகப் பகுத்துள்ளார். தாய் தந்தையர் சேர்க்கையால் நிகழ்வது கர்ப்பப் பிறப்பு. தேவர்க்கும் நரகர்க்கும் உரியது உபபாதம். சுற்றிலுமுள்ள புற்கலங்கள் திரண்டு உடலாக அமைவது சம்மூர்ச்சனம். ஆகவே, பிறப்பிற்குத் தாயும் தந்தையும் என்றும் இன்றியமையாதவர் என்று நம் ஆசாரியர் கூறவில்லை. பிறத்தற்குரிய இடம் வாய்க்குமாயின், தன் வினைக்கேற்ப ஓர் உயிர் அங்கு வந்தடைகிறது.

கரும்பைக் கரணை நட்டும், வாழையைப் பக்கக் கன்று பிரித்தும் நம் உழவர் வளர்த்து வருகின்றனர். இவையும் படியாக்கமே. கன்றின் உடல் தாய்வாழையின் படி. கன்றில் வாழும் உயிரோ வேறு. இரட்டைப் பிள்ளைகளைப் பாருங்கள். ஒரே கருவினின்று பிரிந்த இருவருக்கும் முகம் ஒன்று. ஆயினும் இன்பமும் துன்பமும் அவரவர் வினைவழியே வருகின்றன. எனவே, அறிவியலார் செய்வது உயிர்ப் படைப்பன்று. உயிர் வந்து தங்குவதற்கு ஓர் இல்லம் அமைத்தலே. இதனால் நம் தத்துவத்திற்கு இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால், அவ்வில்லத்தை அமைக்க எவ்வுயிரை வருத்தினோம் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

டாலியும் கரிமாவும்

ஸ்காட்லாந்தில் 1996ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் டாலி என்னும் ஆட்டுக்குட்டி பிறந்தது. வளர்ந்த ஆட்டின் மடியினின்று ஓர் உயிரணுவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட சினைமுட்டையுடன் இணைத்து, வேறோர் ஆட்டின் கருப்பையில் வளர்த்தனர். 277 முட்டைகளில் முயன்றதில் உயிருடன் வளர்ந்தது டாலி ஒன்றே. அதுவும் 2003ஆம் ஆண்டில் நோயுற்று, கருணைக் கொலைக்கு உள்ளாயிற்று.

நம் நாட்டில் கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிறந்த படியாக்க எருமைக்கன்று சில நாட்களிலேயே இறந்தது. அவ்வாண்டு ஜூனில் பிறந்த கரிமா ஈராண்டு கடந்து மடிந்தது. பின்னர்ப் பிறந்த இரண்டாம் கரிமா 2013ஆம் ஆண்டில் மகிமா என்னும் கன்றை ஈன்றது. பால் பெருகும் என்பது இம்முயற்சியின் நோக்கம். ஆயினும், இதற்கு வேண்டிய சினைமுட்டைகள் இறைச்சிக்கூடத்தில் வெட்டப்பட்ட எருமைகளின் சூலகங்களிலிருந்து பெறப்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது.

குருத்தணு என்பது யாது?

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு, பல்வகை உயிரணுக்களாக மாறவல்லது. அதனைப் பெறும் வழிகளுள் மூன்று நாம் அறியத்தக்கவை.

ஒன்று, கருவினின்று எடுத்தல். 1998ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவினின்று குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தார். இம்முறையில் கரு அழிகிறது.

இரண்டு, பிறந்து வளர்ந்தவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் எடுத்தல்.

மூன்று, தோலணு போன்ற சாதாரண உயிரணுவைக் குருத்தணுவாக மாற்றுதல். ஜப்பானிய அறிஞர் ஷின்யா யாமனாகா 2006ஆம் ஆண்டில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் உயிரணுக்களில் இதனைச் செய்து காட்டினார். மறு ஆண்டில் மனித அணுக்களிலும் கைகூடிற்று. 2012ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற இருவருள் இவர் ஒருவர்.

நம் அளவுகோல்

இல்லறத்தார் இம்சையை நால்வகையாகப் பகுத்தறிவர்: சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி. இவற்றுள் எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்பி இம்சையைச் சிராவகர் முற்றும் துறத்தல் வேண்டும். கருவில் உயிர் தொடக்கத்திலேயே புகுகிறது என்பது நம் மரபின் பொதுக் கொள்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் மனிதப் படியாக்கப் பிறப்பைத் தடை செய்துள்ளன. மனிதக் கருவை ஆய்வகத்தில் 14 நாட்களுக்கு மேல் வளர்ப்பதையும் தடுக்கின்றன. இவை போற்றத்தக்கன. எனினும், நமக்குப் பதினான்காம் நாளும் முதல் நாளும் ஒன்றே.

“குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் எஞ்சிய கரு எப்படியும் அழியப்போவதுதானே? அதனால் ஒரு நோயாளி பிழைத்தால் தீதென்ன?” என்பர் சிலர். எளிதில் தள்ளத்தக்க வினாவன்று இது. பிள்ளையின் நோயால் துயருறும் தாய் கேட்கும் வினா. ஆயினும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைக் கட்டும் என்பது நம் அறம். அழிவைக் காத்திருந்து பயன் கொள்வது உடன்படுதலேயாகும். அந்தத் தாய்க்கு “வேண்டாம்” என்று மட்டும் கூறி நாம் ஒதுங்குதல் அறமாகாது. வேறு வழியையும் காட்டுதல் வேண்டும்.

வேலூர் காட்டும் வழி

அவ்வழி தொலைவில் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986ஆம் ஆண்டு முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெற்று வருகிறது. தலசீமியா, இரத்தப் புற்றுநோய் முதலியவற்றிற்கு இது மருந்தாகிறது. உடன்பிறந்தார் ஒருவரது மஜ்ஜை முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கொடுப்பவர் உயிரிழப்பதில்லை, கொடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடுகிறது. ஹீமோபிலியா எனும் இரத்தம் உறையா நோயுற்ற ஐவருக்கு, அவரவர் குருத்தணுக்களையே எடுத்து, அவற்றில் மரபணுவைச் சேர்த்துச் செலுத்திய சிகிச்சையின் பயனை வேலூர் மருத்துவர்கள் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டனர். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக் கசிவு நேரவில்லை.

இவ்வழியிலும் மாசு அறவே இல்லையென்று கூறமாட்டேன். மருந்துகள் விலங்குகளிடத்துச் சோதிக்கப்படுகின்றன. அதனைக் குறைக்கும் முறைகளை வேண்டிக் குரல் கொடுப்பதும் நம் கடன். மேலும், குருத்தணுவின் பெயரால் எந்நோயையும் தீர்ப்பதாகக் கூறி விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கை தேவை. குறிப்பிட்ட சில இரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர ஏனையவற்றை ஆய்வாக மட்டுமே நடத்தலாம் என்றும், ஆய்வில் சேர்வோரிடம் பணம் பெறலாகாது என்றும் மேற்கூறிய நெறிகள் விதித்துள்ளன. வீட்டை விற்றுப் பணம் கட்டும் முன் இதனை நினைவிற் கொள்க.

நம் பெரியோர் தானத்தை ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என நான்காக வகுத்தனர். மஜ்ஜை அளிப்பது ஔஷத தானம். கருவை அழிக்காது விடுவது அபய தானம். இரண்டையும் ஒருங்கே காக்கும் மருத்துவமே நாம் வரவேற்கத்தக்கது. பேத்தியிடம் இதனைக் கூறினேன். தன் பெயரை மஜ்ஜைக் கொடையாளர் பதிவேட்டில் சேர்க்கப் போவதாக அவள் கூறியதே, இப்பாடத்திற்கு நான் பெற்ற முதல் மதிப்பெண்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. வாழைக்கன்றும் தாய்வாழையும் உடலால் ஒன்றாயினும் உயிரால் வேறாவது எங்ஙனம்?
2. எஞ்சிய கருவைப் பயன்படுத்துதல், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகியவற்றுள் எதன்பாற்படும்?
3. மஜ்ஜைக் கொடையில் நால்வகைத் தானங்களுள் எவை அடங்கும்? உங்கள் இல்லத்தில் கலந்துரையாடுக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!