உளூ நீரில் ஒரு கொல்லைத் தோட்டம்



ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழி புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. அந்த நன்மைக்குப் பெரும் செலவு வேண்டியதில்லை.

தண்ணீர்: சிப்காட்டை ஒட்டி வாழும் நமக்கு முதல் கேள்வி இதுவே. நிறமோ வாடையோ மாறிய போர் தண்ணீரைக் கீரைக்கு ஊற்ற வேண்டாம். நல்ல குழாய் நீரில் உளூ செய்து, அதை வாளியில் பிடியுங்கள். ஐந்து பேர், ஐந்து வேளை, ஆளுக்கு ஒரு லிட்டர் என்றாலும் நாளுக்கு 25 லிட்டர்.

மண்: காசைத் தொட்டிக்குச் செலவிடாமல் மண்ணுக்குச் செலவிடுங்கள். பழைய அரிசிச் சாக்கின் அடியில் துளையிட்டு, செம்மண், மணல், மட்கிய சாணம் மூன்றையும் சம அளவில் நிரப்புங்கள்.

செடி: சிறுகீரையை ஒரு மாதத்தில் பறிக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 முருங்கை சுமார் ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலை நாம் மறக்கவில்லை. ஐப்பசிக்கு முன்பே முருங்கைக் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

முதல் பறிப்பில் ஒரு கட்டை, எம்மதத்தவராயினும் அண்டை வீட்டாருக்குக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.